ஓடும் சர்வரில் ஒரு பிராசசருக்கு மட்டும் ஓய்வு

புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது கடைக்காரர், "இது ஆறு கோர் சார், அது எட்டு கோர்" என்று சொல்லியிருப்பார். நீங்களும் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து வாங்கி வந்திருப்பீர்கள். அந்த எட்டில் ஒன்றே ஒன்று கெட்டுப் போனால் என்ன ஆகும் என்று கடையில் யாரும் கேட்பதில்லை. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை பார்க்கும் எனக்கு இது அடிக்கடி வரும் கேள்வி.

வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் பதில் எளிது. ஆப் செய்துவிட்டு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போக வேண்டியதுதான். ஒரு தொழிற்சாலையின் சர்வரை அப்படிச் செய்ய முடியாது. அது நின்றால் பில் போட முடியாது, லாரி வெளியே போக முடியாது, சம்பளக் கணக்கு நின்றுவிடும். எனவே யூனிக்ஸ் வகை சர்வர்களில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். மற்ற பிராசசர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சந்தேகத்திற்குரிய ஒன்றை மட்டும் வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கலாம். பிராசசரை ஆப்லைன் செய்வது என்று இதனைச் சொல்கிறார்கள். இன்டர்நெட் இணைப்பு இல்லை என்பதற்கும் நாம் இதே சொல்லைப் பயன்படுத்துகிறோம். இங்கே அந்தப் பொருள் இல்லை. குழப்பிக் கொள்ள வேண்டாம்.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். மதர்போர்டில் சதுரமாகப் பொருத்தப்பட்டிருக்கும் சிப்தான் பிராசசர். அதனுள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடக்கூடிய பகுதிகள் கோர்கள். சில வகைகளில் ஒரே கோர் இரண்டு வேலைகளை மாறி மாறிக் கவனித்துக் கொள்ளும். இவற்றை திரெட் என்பார்கள். நான்கு கோர், எட்டு திரெட் என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் இந்த எட்டையும் எட்டு பிராசசர்களாகவே எண்ணி, 0-லிருந்து 7 வரை எண் கொடுக்கும். இந்த எண்களை வைத்துத்தான் எல்லா வேலையும் நடக்கிறது.

டோல்கேட்டில் ஒரு வழியை மூடுவது போல

எங்கள் ஊர் டோல்கேட்டை எடுத்துக் கொள்ளுங்கள். மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் நான்கு வழிச் சாலையில் இருக்கிறது. அது அங்கே இருக்கலாமா, கூடாதா என்ற சண்டை தனிக் கதை. நமக்கு வேண்டியது அதன் வழிகள். ஒரு வழியில் இயந்திரம் பழுதாகிவிட்டது என்றால் டோல்கேட் முழுவதையும் மூட மாட்டார்கள். அந்த வழியின் முன்னே கூம்பு வைப்பார்கள். புதிய வண்டி எதுவும் உள்ளே வராது. வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பக்கத்து வழிக்குத் திருப்பி விடுவார்கள். பூத்தின் முன்னே ஏற்கனவே நிற்கும் வண்டியைக் கணக்கு முடித்து அனுப்புவார்கள். பிறகுதான் விளக்கைச் சிவப்பாக்கிவிட்டு ஆள் வெளியே வருவார்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். எந்த புரோகிராமை எந்த பிராசசரில் ஓட விடுவது என்று முடிவு செய்யும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். முதலில் அது அந்த எண்ணுக்குப் புதிய வேலை எதையும் அனுப்பாமல் நிறுத்திக் கொள்ளும். அங்கே காத்திருக்கும் வேலைகளை மற்ற எண்களுக்கு மாற்றும். ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவை "இங்கே கவனி" என்று பிராசசரைக் கூப்பிடுவதற்கு இன்டரப்ட் என்று பெயர். அந்த அழைப்புகளையும் வேறு பிராசசருக்குத் திருப்பிவிடும். "இத்தனை நொடி கழித்து எழுப்பு" என்று வைக்கப்பட்ட டைமர்களும் இடம் மாறும். எல்லாம் காலியான பிறகு அந்த பிராசசர் எதுவும் செய்யாமல் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும்.

லினக்ஸில் இதற்கு நடுவே ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பிராசசரை விலக்கும் அந்தக் கணத்தில், கணக்கு பிசகாமல் இருக்க மற்ற பிராசசர்கள் எல்லாவற்றையும் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு அப்படியே நிறுத்தி வைக்கும். எல்லா வழிகளிலும் ஒரே சமயத்தில் தடுப்புக் கம்பியை இறக்கி, ஏற்றுவது போல. பயன்படுத்துபவருக்கு இது தெரியாது. ஆனால் மில்லி செகண்ட் கணக்கில் ஓட வேண்டிய இயந்திரக் கட்டுப்பாட்டு புரோகிராம்கள் உள்ள சர்வரில் இதனை அடிக்கடி செய்யக் கூடாது.

ஒரு சிக்கலும் வரலாம். சில புரோகிராம்களை "நீ 2-ஆம் எண்ணில் மட்டும்தான் ஓட வேண்டும்" என்று கட்டி வைத்திருப்பார்கள். அந்த 2-ஆம் எண்ணையே மூடச் சொன்னால்? சொலாரிஸ் சிஸ்டம் மறுத்துவிடும்; வற்புறுத்திச் சொன்னால்தான் கட்டை அவிழ்த்துவிட்டு மூடும். லினக்ஸ் அவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை. புரோகிராமை வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டு, அதனை லாக் பைலில் ஒரு வரி எழுதி வைக்கும். எனக்கு சொலாரிஸ் வழிதான் பிடிக்கும். கட்டி வைத்தவர் ஏதோ காரணத்தோடுதானே கட்டியிருப்பார்?

எங்கிருந்து வந்தது?

இந்த வசதியைப் பெரிய அளவில் பலர் பார்த்தது சன் நிறுவனத்தின் சர்வர்களில். 1997-ல் வந்த என்டர்பிரைஸ் 10000 என்ற சர்வரில் 16 போர்டுகள், ஒவ்வொன்றிலும் 4 என்று 64 பிராசசர்கள் வரை பொருத்தலாம். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு போர்டைக் காலி செய்து, வெளியே உருவி, வேறு போர்டைச் செருகலாம். ஓடும் பஸ்ஸில் டயர் மாற்றுவது போன்ற வேலை. சன் நிறுவனம் 2010-ல் ஆரக்கிள் கைக்குப் போய்விட்டது. சொலாரிஸ் என்ற அதன் யூனிக்ஸ் இன்றும் பல இடங்களில் ஓடுகிறது.

சொலாரிஸில் இதற்கு இரண்டு கட்டளைகள். பி-எஸ்-ஆர்-இன்போ என்று டைப் செய்து என்டர் தட்டினால் எந்தெந்த எண் எந்தத் தேதியிலிருந்து வேலையில் இருக்கிறது என்று பட்டியல் கிடைக்கும். பி-எஸ்-ஆர்-ஏ-டி-எம் என்ற கட்டளையுடன் மைனஸ் எப், பிறகு பிராசசரின் எண் கொடுத்தால் அது ஒதுங்கிவிடும். மைனஸ் என் கொடுத்தால் திரும்ப வேலைக்கு வரும். மைனஸ் ஐ கொடுத்தால் புரோகிராம்களை மட்டும் கவனிக்கும், இன்டரப்ட் அழைப்புகளுக்குப் போகாது. எல்லா பிராசசரையும் மூடச் சொன்னால் மூடாது. வேலை செய்ய ஒன்றாவது இருந்தாக வேண்டும். 2005-ல் வந்த சொலாரிஸ் 10 இன்னும் ஒரு படி மேலே போனது. சிறு பிழைகள் ஒரே பிராசசரில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து, ஆள் சொல்லாமலேயே அதனை ஒதுக்கி வைத்து, அட்மினிஸ்ட்ரேட்டருக்குத் தகவல் எழுதிவிடும்.

அதே 2005-ன் இறுதியில் சன் வெளியிட்ட டி1 என்ற பிராசசரில் 8 கோர், கோருக்கு 4 திரெட். அதாவது 32 எண்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 0 என்ற எண்ணை மட்டும் மூடினால் அந்த கோர் ஓய்வெடுக்காது. 1, 2, 3 ஆகியவற்றின் வேலையை அதே கோர்தான் பார்த்துக் கொண்டிருக்கும். ஒரே ஆள் நான்கு ஜன்னல்களில் டிக்கெட் கொடுக்கிறார் என்றால், ஒரு ஜன்னலைச் சாத்துவதால் அவருக்கு ஓய்வு கிடைக்குமா? கோர் பழுது என்று சந்தேகம் வந்தால் அதற்குரிய எல்லா எண்களையும் சேர்த்து மூட வேண்டும். திரெட் உள்ள உங்கள் பிராசசருக்கும் இதே விதிதான்.

லினக்ஸுக்கு இந்த வசதி 2.6 கெர்னல் காலத்தில் முழுமையாக வந்து சேர்ந்தது. சிபியு ஹாட்பிளக் என்று பெயர். 2004-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் இதனைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள். அந்தக் கெர்னலுடன் வந்த விளக்கக் குறிப்பில், இதன் மையப் பகுதிக்குப் பொறுப்பாளர்கள் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவர் ரஸ்டி ரஸ்ஸல், மற்றவர் ஸ்ரீவத்சா வட்டகிரி. இரண்டாமவரின் முகவரி ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பிரிவு. நம் கம்ப்யூட்டருக்குள் நம் நாட்டவர் வேலை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

ஒரு சம்பள நாள்

சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு தொழிற்சாலையில், மாதக் கடைசிக்கு முந்தைய நாள் கூப்பிட்டார்கள். லினக்ஸ் ஓடும் எட்டு கோர் சர்வர். லாக் பைலைத் திறந்து பார்த்தால் "பிழை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது" என்ற செய்தி வரிசையாக இருந்தது. பிராசசருக்குள்ளே கேஷ் என்று சிறிய, வேகமான நினைவகம் உண்டு. அதில் ஒரு பிட் மாறிப் போனால் சர்வர் வகை பிராசசர்கள் அதனைக் கண்டுபிடித்துத் தாமே சரி செய்துவிடும். எப்போதாவது ஒன்று வந்தால் பரவாயில்லை. இங்கே ஒரு மணி நேரத்தில் பல முறை, அதுவும் ஒவ்வொரு முறையும் 5 என்ற ஒரே எண்ணில் வந்து கொண்டிருந்தது. திருத்த முடியாத பிழை வந்தால் சர்வர் முழுவதும் நின்றுவிடும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"சார், ஆப் பண்ணிடலாமா?" என்று கணக்குப் பிரிவில் இருந்த பெண் கேட்டார். மறுநாள் சம்பளம். பிஎப், இஎஸ்ஐ பிடித்தம் எல்லாம் அதில்தான். புதிய பிராசசர் வர மூன்று நாள் ஆகும் என்று சப்ளையர் சொல்லிவிட்டார். "ஆப் பண்ண வேண்டாம்மா, ஒண்ணை மட்டும் உட்கார வைப்போம்" என்றேன். முதலில் பேக்கப் எடுத்தோம். பிறகு 5-ஆம் எண்ணை ஆப்லைன் செய்தேன். அந்த பிராசசரில் திரெட் வசதி கிடையாது. எனவே ஓர் எண் என்றால் ஒரு கோர். லாக் பைலில் அந்தச் செய்தி வருவது நின்றது.

அத்துடன் விட்டுவிடவில்லை. முந்தைய மாதச் சம்பளக் கணக்கை ஒரு தனி டைரக்டரியில் மறுபடியும் ஓடவிட்டு, அச்சில் இருந்த பழைய பட்டியலுடன் மொத்தத் தொகையையும் சில ஆட்களின் பிடித்தத்தையும் ஒப்பிட்டோம். பைசா வரை ஒத்துப் போனது. பிறகுதான் அந்த மாதக் கணக்கு. ஏழு கோரில் ஓடியதால் கொஞ்சம் நேரம் கூடியது. ஷிப்ட் முடிந்து வந்தவர்களுக்கு எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்வரை நிறுத்தி பிராசசரை மாற்றினார்கள்.

ஏன் அந்த ஒப்பிடும் வேலை என்று கேட்கலாம். சத்தம் போடும் பழுது பரவாயில்லை. சத்தமில்லாத பழுதுதான் ஆபத்து. 2021-ல் பேஸ்புக் நிறுவனத்தின் பொறியாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வுக் கட்டுரையில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. சுருக்கி வைக்கப்பட்ட பைல்களை விரிக்கும் ஒரு புரோகிராம், விரிப்பதற்கு முன் பைலின் அளவைக் கணக்கிடும். அளவு 0 என்றால் அந்த பைலை விட்டுவிடும். சில பைல்கள் காரணமின்றிக் காணாமல் போயின. தேடிக்கொண்டே போனதில், ஒரு சர்வரில் 59 என்ற எண்ணுள்ள கோர் மட்டும் தப்பாகக் கணக்குப் போடுவது தெரிந்தது. 1.1-ஐ 53 முறை அதனாலேயே பெருக்கினால் முழு எண்ணாக 156 வர வேண்டும். அந்த கோர் 0 என்றது. அதே கோர் 52 முறை பெருக்கச் சொன்னால் 142 என்று சரியாகச் சொன்னது! எந்த எச்சரிக்கையும் இல்லை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. அதே வருடம் கூகுள் பொறியாளர்களும் "கணக்கில் சேராத கோர்கள்" என்று பொருள்படும் தலைப்பில் எழுதினார்கள். அவர்கள் அனுபவத்தில் பல ஆயிரம் மெஷின்களுக்குச் சில கோர்கள் இப்படி இருக்கின்றனவாம்.

156 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 0 வந்தால் சம்பளப் பட்டியலில் அது ஒரு ஆளின் பிடித்தமாகவோ ஓவர்டைமாகவோ இருக்கும். அதனால்தான் லாக் பைலில் செய்தி நின்றதை மட்டும் நான் நம்புவதில்லை.

எல்லாப் பழுதுக்கும் இது மருந்து அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா கோர்களும் பங்கிட்டுக் கொள்ளும் பெரிய கேஷ் பகுதியில் பழுது என்றால் ஒரு கோரை மூடிப் பயனில்லை. ரேம் பழுது, பவர் சப்ளை பழுது, தூசி அடைத்து நின்றுபோன பேன் எதற்கும் இது உதவாது. மேலும், மூடினால் கரன்ட் செலவு குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. இன்றைய பிராசசர்களில் வேலையில்லாத கோர் தானாகவே உறங்கிவிடுவதால் பெரிய லாபம் எதுவும் கிடைக்காது.

உங்கள் கம்ப்யூட்டரில்

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஓர் எச்சரிக்கையை மட்டும் நினைவில் வையுங்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, எம்எஸ்கான்பிக் என டைப் செய்தால் ஒரு விண்டோ கிடைக்கும். அதில் பூட் டேப், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போனால் பிராசசர்களின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கும். "இதில் அதிகபட்ச எண்ணைப் போட்டால் கம்ப்யூட்டர் வேகமாகும்" என்று பலர் சொல்லித் தருகிறார்கள். வேகமாகாது. விண்டோஸ் வழக்கமாகவே எல்லாவற்றையும் பயன்படுத்துகிறது. இந்தக் கட்டம் குறைப்பதற்காக, அதுவும் சோதனை செய்பவர்களுக்காக வைக்கப்பட்டது. விளையாட்டாக 1 என்று போட்டுவிட்டு மறந்துவிட்டால், எட்டு கோர் கம்ப்யூட்டர் அடுத்த முறை இயங்கும்போது ஒரே பிராசசரில்தான் ஓடும். கம்ப்யூட்டர் காரணமின்றி மெதுவாகிவிட்டது என்றால் இந்த இடத்தையும் ஒருமுறை பாருங்கள். டிக் அடையாளம் இருந்தால் எடுத்துவிட்டு ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்திடவும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஓடும்போதே செய்து பார்க்கலாம். திறந்திருக்கும் பைல்களை சேவ் செய்துவிட்டு, டெர்மினலைத் திறந்து எல்எஸ்சிபியு என டைப் செய்து என்டர் தட்டவும். எத்தனை எண்கள் ஆன்லைனில் உள்ளன என்று காட்டும். அடுத்து சுடோ, இடைவெளி, சிஎச்சிபியு, இடைவெளி, மைனஸ் டி, இடைவெளி, 1 என்று டைப் செய்து பாஸ்வேர்டு கொடுக்கவும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். மறுபடியும் எல்எஸ்சிபியு கொடுத்தால் 1 என்ற எண் ஆப்லைன் பட்டியலில் போயிருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மைனஸ் டி இருந்த இடத்தில் மைனஸ் இ கொடுத்தால் திரும்ப வந்துவிடும்.

0 என்ற எண்ணை மூட முயற்சி செய்தால் நடக்காது. இன்டெல், ஏஎம்டி பிராசசர் உள்ள கம்ப்யூட்டர்களில் முதலில் விழித்துக் கொள்வதும், தூங்கி எழும்போது மற்றவற்றை எழுப்புவதும் அதன் வேலை. லினக்ஸ் லேப்டாப்பை மூடி, டேட்டாவை ரேமில் வைத்துத் தூங்க விடும் முறையில், 0 தவிர மற்ற எல்லா எண்களையும் கெர்னல் ஒவ்வொன்றாக ஆப்லைன் செய்கிறது. மூடியைத் திறந்ததும் ஒவ்வொன்றாக அழைக்கிறது. 64 பிராசசர் சர்வருக்காக யோசித்த வேலை, நீங்கள் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைக்கும்போது நடக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு வந்த பல ஆண்ட்ராய்டு போன்களும் பாட்டரியை மிச்சப்படுத்த இதையே செய்தன.

கடைசியாக ஒன்று. லினக்ஸில் கையால் மூடிய பிராசசர், ரீஸ்டார்ட் செய்தவுடன் பழையபடி வேலைக்கு வந்துவிடும். சோதனை செய்பவர்களுக்கு இது நல்லது. ஆனால் உண்மையிலேயே பழுதான கோர் என்றால், இரவில் கரன்ட் போய் சர்வர் தானாக மீண்டும் இயங்கும்போது அதுவும் சேர்ந்து எழுந்து உட்கார்ந்திருக்கும். எனவே அந்தத் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமை வரும்வரை, சர்வர் இயங்கியதும் 5-ஆம் எண்ணை மூடும் கட்டளையை ஸ்டார்ட்டப்பில் ஓடும் பைலில் எழுதி வைத்தேன். சர்வரின் மேலே ஒரு சீட்டிலும் எழுதி ஒட்டினேன். புதிய பிராசசர் வந்த அன்று இரண்டையும் எடுத்தாயிற்று.